பிரியாத குடும்பத்துக்கு ஒரு சலுகை

எங்கள் குடும்பம் பிரிந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சர்க்காரே வருஷா வருஷம் அச்சடித்த காகிதத்தில் ஒப்புக்கொண்டுவந்த விஷயம். "சுப்பராயலு, கர்த்தா, பிரிவினையாகாத இந்துக் குடும்பம், சிதம்பரம்" என்று வரும் வரி நோட்டீஸைத் தபால்காரர் தெருவுக்கே கேட்கும்படி வாசித்துவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார். கர்த்தா என்றால் கூட்டுக் குடும்பத்தின் தலைவன். அப்பா காலமானதும் அந்தப் பதவி எனக்கு வந்தது. ஒரு வருஷம் ஆரோக்கியம்மாள் என்ற டைப்பிஸ்ட் தன் வீட்டுப் பழக்கத்தில் கர்த்தா என்பதைக் கர்த்தர் என்று அடித்துவிட்டாள். சர்க்கார் காகிதத்தில் கை வைப்பது முறையல்ல என்று நானும் விட்டுவிட்டேன்.

வரி என்றதும் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நான் சுளித்ததில்லை. தம்பி பழனிவேல் பிலாய் இரும்பாலையில் இருக்கிறான். மகன் ராஜமாணிக்கம் பம்பாயில் இருக்கிறான். என் மனைவி ஞானாம்பாள் காலமாகிவிட்டாள். வீடு பெரியது, பாதி அறைகளைப் பெருக்குவதற்கு மட்டும் திறக்கிறோம். ஆனாலும் பிரியவில்லை. பிரிவினைப் பத்திரம் எழுதினால்தானே பிரிவினை? அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. எடுக்க வேண்டுமானால் முதலில் ஊருக்கு வர வேண்டும்.

சீனாக்காரனோடு சண்டை முடிந்து, விலைவாசி ஏறி, எல்லாரும் வளர்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நாடு வளர வேண்டுமானால் நடுத்தரக் குடும்பங்கள் தழைக்க வேண்டும் என்றும், அதற்காக வரிச் சட்டம் அடியோடு சீர்திருத்தப்படுகிறது என்றும் பத்திரிகையில் படித்தேன். கூட்டுக் குடும்பங்களுக்குச் சலுகை என்றும் போட்டிருந்தது. கடைசியில் நல்லது செய்பவர்களுக்கு ஒரு காலம் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். இதற்கென்றே கடலூர் மஞ்சக்குப்பத்தில் 'நடுத்தரக் குடும்ப வரிச் சீர்திருத்தத் தனி அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். அந்த அலுவலகம் செய்த முதல் காரியம் எனக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது.

தபால்காரர் அதை வாசிக்கவில்லை. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

"சுப்பராயலு, தனி நபர்" என்று விலாசம் எழுதியிருந்தது.

எங்கள் வீட்டின் முன்பகுதியில் வாடகைக்குக் கடை வைத்திருப்பவர் அபுல் ஹசன். பரங்கிப்பேட்டைக்காரர்; குடையும் டிரங்குப் பெட்டியும் விற்கிறார். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே அந்த வீட்டார் எங்களை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நோட்டீஸை அவரிடம் காட்டினேன்.

"இதுல என்னா மாமா இருக்கு? வரி கொஞ்சம் ஜாஸ்தியா வரும். போவட்டும்" என்றார்.

"வரியைப் பத்தி யாரு பேசினது? தனி நபர்னு போட்டிருக்கான், பாத்தியா?"

"ஒரு பேருதான மாமா."

"பேருதான். எங்கப்பா எனக்கு வுட்டுட்டுப் போனது அந்தப் பேருதான்."

"சரி சரி, கோவப்படாதீங்க. தம்பி கடைசியா எப்ப வந்தாரு?"

வாடகைதாரர் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. மறுநாள் காலை வேட்டி சட்டைக்கு மேல் அங்கவஸ்திரமும் போட்டுக்கொண்டு, புவனகிரி வழியாக மஞ்சக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

அலுவலகம் ஒரு நீளமான கட்டடத்தில் இருந்தது. வாசலில் வரிசை நின்றது. 'குடும்பம்' என்ற சொல் மட்டும் பலகையில் கண்ணில் பட்டதால் நானும் அதில் நின்றேன். என் முறை வந்ததும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுலயா பெரியவரே?"

"வயசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"நல்ல எண்ணம்தான். ஆனா ஒங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாதுன்னு நெனைக்கிறேன்."

நான் நின்றது குடும்பக் கட்டுப்பாட்டு வரிசை. அந்த அறையில் குடும்பத்தைக் குறைத்துக்கொள்பவர்களுக்குச் சர்க்கார் பணம் தந்தது. அடுத்த அறையில் குடும்பத்தைப் பெருக்கிக் காட்டுபவர்களுக்குச் சர்க்கார் சலுகை தந்தது. நடுவில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். இரண்டில் எது லாபம் என்று யோசிப்பவர்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த அறைக்குள் போனேன். அதிகாரி இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார்.

"தனி நபர்ங்கறது கெட்ட வார்த்தை இல்லிங்களே. எதுக்கு ஆட்சேபம்?"

"எங்க குடும்பம் பிரியல சார்."

"ரேஷன் கார்டுல ஒங்க பேரு ஒண்ணுதான இருக்கு?"

"சாப்பிடறது நான் ஒருத்தன். அதுக்காகக் குடும்பம் இல்லன்னு ஆயிடுமா?"

அவர் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இப்படிக் கேட்பவர்களுக்கென்று ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருந்தார் என்று தெரிந்தது.

"பெரியவரே, இந்தச் சீர்திருத்தத்தோட அடிப்படையை நீங்க புரிஞ்சுக்கணும். நாடு எப்ப வளரும்? நடுத்தரக் குடும்பம் செலவு பண்ணா வளரும். எப்ப செலவு பண்ணும்? கையில காசு மிஞ்சினா பண்ணும். எப்ப மிஞ்சும்? நாங்க வரியக் கொறைச்சா மிஞ்சும். கொறைச்சா சர்க்காருக்குக் காசு எங்கேருந்து வரும்? அதுக்குத்தான் தனி நபர் மேல கூடுதல் வரி. தனி நபருக்கு என்னா செலவு இருக்கு? வீட்ல பேச ஆள் இல்ல, ஏன்னு கேக்க ஆள் இல்ல. அவர்கிட்டேருந்து எடுத்தா யாருக்கும் வலிக்காது. நல்லா யோசிச்சுப் பண்ண திட்டம் சார் இது."

நன்றாகத்தான் யோசித்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை.

"எங்க குடும்பம் ஒண்ணாத்தான் இருக்குன்னு நான் எப்படிக் காட்டணும்?" என்று கேட்டேன்.

"மூணு சோதனை இருக்கு. சொத்து, வழிபாடு, சாப்பாடு. மூணும் ஒண்ணா இருந்தா குடும்பம்."

சொத்து பிரியவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். வழிபாடு எப்படி என்றார். மாதந்தோறும் கோயிலில் தம்பி பெயர், அவன் மனைவி பெயர், மகன் பெயர், அவரவர் நட்சத்திரம் எல்லாம் சொல்லி அர்ச்சனை செய்கிறேன் என்றேன்.

"அவுங்க நேர்ல வர்றாங்களா?"

"பேரு சொன்னா போதாதா? சாமிக்குத் தெரியாதா?"

"ஒங்க ஊர் வழக்கம் வேற பெரியவரே. அங்க தெரையை வெலக்கி வெறும் வெளியைக் காட்டி, இதான் சாமின்னா நீங்க கும்புடுவீங்க. இங்க அது செல்லாது. காலியா இருந்தா காலின்னுதான் நாங்க எழுதுவோம்."

தில்லையில் பிறந்தவனிடம் சொல்லக்கூடிய பேச்சல்ல. எழுந்து வந்திருப்பேன். ஆனால் வந்த காரியம் பெரியது. சாப்பாட்டுச் சோதனை எப்படி என்று மட்டும் கேட்டேன்.

"இன்ஸ்பெக்டர் சொல்லாம கொள்ளாம வருவாரு. ஒரே அடுப்புல சமைச்சு எத்தனை இலை விழுதுன்னு எண்ணுவாரு. ஆளை எண்ண மாட்டாரு. மொதல்ல ஆளைத்தான் எண்ணிக்கிட்டிருந்தோம். ஒருத்தர் டூரிங் டாக்கீஸ் வாசல்லேருந்து ஆள் புடிச்சாந்து அண்ணன் தம்பின்னு உக்கார வச்சிட்டாரு. அதுக்கப்பறம் சர்க்குலர் வந்துது. தலையை எண்ணாதே, இலையை எண்ணு."

"அதுல தப்பு வராதா?"

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "வடலூர்லதான் ஒரு சிக்கல். அங்க தருமசாலையில ஒரே அடுப்பு, அணையாத அடுப்பு. எங்க ஆளு போயி ராத்திரி பகலா எண்ணிக்கிட்டு வந்தாரு. சட்டப்படி பாத்தா அங்க சாப்பிட்டவங்க அத்தன பேரும் ஒரே குடும்பம். கர்த்தா யாருன்னு தெரியாம ஃபைலை டில்லிக்கு அனுப்பியிருக்கோம். அண்ணாமலை நகர்ல ஒரு மெஸ் காண்ட்ராக்டர், பையன்லாம் என் அடுப்புலதான் சாப்பிடறாங்கன்னு மனு போட்டாரு. அவருக்குச் சலுகை குடுத்துட்டோம். ஜில்லாவுலயே பெரிய கூட்டுக் குடும்பம் அவருதுதான்."

அன்று இரவே தம்பிக்கும் மகனுக்கும் எழுதினேன். ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போங்கள், குடும்பத்தின் பெயர் கேள்விக்கு வந்திருக்கிறது என்று எழுதினேன். கெஞ்சி எழுதவில்லை. கர்த்தா கெஞ்சக்கூடாது.

பழனிவேல், லீவு இல்லையென்றும், குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று பிலாயிலிருந்தபடியே எழுத்துமூலம் உறுதி சொல்லத் தயார் என்றும் பதில் போட்டான். ராஜமாணிக்கம் கணக்கில் கெட்டிக்காரன். கிடைக்கப்போகும் சலுகையைவிட ரயில் சார்ஜ் ஜாஸ்தி என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தான். கூட்டியதில் பிழை எதுவும் இல்லை.

எனக்குச் சமைத்துப் போட வரும் லோகநாயகியிடம், இனிமேல் கூடுதலாக அரிசி போடு, எந்த நேரமும் யாராவது வரலாம் என்று சொல்லிவைத்தேன்.

"யாரு பெரியய்யா வர்றாங்க?"

"யாராவது."

"அப்படின்னா நல்லதுதான். ஒத்த ஆளுக்கு ஒல வச்சா சோறு பதமாவே வர மாட்டேங்குது. ஒண்ணு கொழையுது, இல்ல வெறைக்குது. நானும் எவ்வளவு நாளு ஒங்களுக்குச் சாக்கு சொல்றது?"

அவள் நன்றாகத்தான் சமைத்தாள். மிஞ்சியதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் வீட்டில் நிறையப் பேர். அவர்களுக்கு வரியே இல்லை. ஆகவே சலுகையும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஞானாம்பாளின் திதியன்று வந்தார். மணவாளன் என்று பெயர் சொன்னார். மெலிந்த பிள்ளை, வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கூடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"எலை போட்டாச்சுங்களா?"

"ஒண்ணு போட்டிருக்கு. உள்ளே."

"யாருக்குங்க?"

"எங்க வீட்ல அவுங்களுக்கு. அவ சாப்பிட்டப்பறம்தான் எனக்கு."

மணவாளன் பென்சிலை எடுத்தார். பிறகு கூச்சத்தோடு, "அன்னிய ஆளு இருக்கறப்ப அம்மாவுக்குச் சங்கடமா இருக்கும். நான் வேணா வெளியில நிக்கறேன்" என்றார்.

"எல்லாரும்தான் நிக்கணும்" என்றேன்.

லோகநாயகி, ஞானாம்பாளுக்குப் பிடித்த கத்திரிக்காய் கொத்சும் சேப்பங்கிழங்கு வறுவலும் பரிமாறிவிட்டு, இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். போனவர்கள் சாப்பிடும்போது பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. நாங்கள் மூவரும் முற்றத்தில் நின்றோம். உள்ளே சத்தம் எதுவும் இல்லை. கொஞ்சம் கழித்து லோகநாயகி கதவைத் தட்டிவிட்டுத் திறந்து, கற்பூரம் ஏற்றி, காக்கைக்குச் சோறு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அப்போதுதான் மணவாளனுக்குப் புரிந்தது. கையில் பென்சில் அப்படியே நின்றது.

"மன்னிச்சுக்குங்கய்யா. எங்க வீட்லயும் அப்பாவுக்கு இப்படித்தான் போடுவோம். கதவு சாத்தறப்பவே தெரிஞ்சிருக்கணும்."

"பரவாயில்ல. எழுதினதை அடிச்சிடு."

அவர் சர்க்குலரைப் பையிலிருந்து எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார். "அடிக்க முடியாதுங்கய்யா. ஒரே அடுப்புல சமைச்சு விழுந்த எலைன்னுதான் இருக்கு. யாரோட எலைன்னு இல்ல. உயிரோட இருக்கறவங்கன்னு தனியா போடல."

வாதாடுவதற்குள் லோகநாயகி எங்கள் இருவருக்கும் இலை போட்டுவிட்டாள். திதியன்று வாசலுக்கு வந்தவரைப் பட்டினியாக அனுப்ப முடியாது. இலையில் உட்கார்ந்த விருந்தாளியோடு வாதாடுவதும் முடியாது. அவர் நன்றாகச் சாப்பிட்டார். கொத்சு இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கூடத்தில் இன்னொருவர் மோர் உறிஞ்சும் சத்தம் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. கை கழுவிவிட்டு வந்தவர் தன் இலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதையும் எண்ணணுங்கய்யா. எண்ணலன்னா நான் பொய் எழுதினதாயிடும்" என்று சொல்லிவிட்டு, மூன்று என்று எழுதிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்து வந்த நோட்டீஸைத் தபால்காரர் பழையபடி உரக்க வாசித்தார். "சுப்பராயலு, கர்த்தா, பிரிவினையாகாத இந்துக் குடும்பம், உறுப்பினர்கள் மூவர்!" எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அபுல் ஹசன் கடையிலிருந்து இறங்கி வந்தார்.

"மூணு பேரு யாரு மாமா?"

"சர்க்காருக்குத் தெரியும்" என்றேன்.

சர்க்காருக்கும் தெரியவில்லை. கூடவே இன்னொரு உத்தரவு வந்திருந்தது. மூன்றாவது உறுப்பினர் மணவாளன் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே அவருடைய சம்பளத்தையும் குடும்ப வருமானத்தில் சேர்த்து நான் வரி கட்ட வேண்டும். இரண்டாவது உறுப்பினர் திருமதி ஞானாம்பாள் கையெழுத்தைப் பதிவுசெய்ய நேரில் ஆஜராக வேண்டும்.

மறுபடி மஞ்சக்குப்பம் போனேன். வராந்தாவிலேயே மணவாளன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. மாப்ள சம்பளம் சிதம்பரத்துல ஒரு குடும்பத்துக் கணக்குல சேருதுன்னு பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு பேசறாங்க."

பாவம். எங்கள் குடும்பத்தில் வந்து சேர்ந்ததில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது அதுதான்.

அதிகாரி என்னைப் பார்த்ததும் உற்சாகமாக எழுந்து நின்றார். "வாங்க பெரியவரே! இந்தக் காலாண்டுல நம்ம ஜில்லாவுல கூட்டுக் குடும்பங்கள் பெருகியிருக்குன்னு மேலேருந்து பாராட்டு வந்திருக்கு. ஒங்களுதும் அதுல ஒண்ணு. அதைக் கொறைக்கற மாதிரி எதுவும் செய்ய வேணாம். மணவாளன் விஷயம் சுலபம். விருந்தாளின்னு எழுதிக் குடுத்துடுங்க, தள்ளிடறேன். மிச்சம் நீங்களும் அம்மாவும். ரெண்டு பேரு போதும், குடும்பம்தான்."

"அவ இல்ல சார்."

"தெரியும். மணவாளன் சொன்னாரு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுக்கும் வழி இருக்கு. 'நேரில் வர இயலாத நிலையில் உள்ளார்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அது பொய்கூட இல்ல பாருங்க. வர முடியாதுதான? சட்டத்துக்கு அது போதும். ஒங்க ஆயுசு உள்ளவரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. கர்த்தாவாவே இருக்கலாம்."

வரி ஆபீஸிலிருந்து இங்கே மாற்றலாகி வந்திருந்த டைப்பிஸ்ட் ஆரோக்கியம்மாள் அந்த வரியை முன்பே அழகாக டைப் அடித்து வைத்திருந்தாள். பேனாவையும் மூடி கழற்றி நீட்டினாள். கர்த்தா என்று இம்முறை சரியாகவே அடித்திருந்தாள்.

காகிதத்தைப் படித்தேன். பொய் எதுவும் இல்லை. மனைவி பெயர், குடும்பப் பெயர், என் பதவி எல்லாம் இருந்தன. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"வர முடியாதவங்க எங்க குடும்பத்துல ரெண்டு பேரு இருக்காங்க சார்" என்றேன். "பிலாய்ல ஒருத்தன், பம்பாய்ல ஒருத்தன். அவள அந்த வரிசையில சேக்காதீங்க. முடிஞ்சிருந்தா அவ வந்திருப்பா."

அதிகாரி ஆரோக்கியம்மாளைப் பார்த்தார். ஆரோக்கியம்மாள் தன் டைப் மெஷினைப் பார்த்தாள். பிறகு அவளே வேறொரு காகிதத்தை மெஷினில் மாட்டி, நான் சொன்னபடி அடித்தாள். மணவாளன் விருந்தாளி, மனைவி காலமானாள், என் வீட்டு அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவது நான் ஒருவனே. கையெழுத்துப் போட்டேன். அதிகாரி முத்திரையை எடுத்து, 'தனி நபர்' என்று அழுத்திக் குத்தினார். மை ஒட்டாததால் இன்னொரு முறை குத்தினார்.

அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருந்தது. "வருத்தப்படாதீங்க பெரியவரே. ஒரு விதத்துல இது ஒங்களுக்கு நல்லது. இனிமே யாருக்காகவும் நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல. சட்டம் ஒங்களை விடுவிச்சிருக்கு. கூடுதல் வரியை மட்டும் கஜானாவுல கட்டிட்டுப் போயிடுங்க."

நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். வெளியே வந்தவன் திரும்பவும் உள்ளே போய் அவருக்கு நன்றி சொன்னேன். எங்கள் குடும்பத்தில், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போகிற வழக்கம் யாருக்கும் கிடையாது.